பாட்டுப் போனில் ஓர் ஆண் குரல்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட இருக்கும் ஹாஷிம் ஹாஜியாரின் செருப்புக் கடையில் இடது கால் செருப்புகள் மட்டும்தான் வெளியே தொங்கும். வலது கால் எல்லாம் உள்ளே, பூட்டிய அலுமாரியில். வாடிக்கையாளர் பிடித்திருக்கிறது என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் சோடி சேரும். இருபத்தாறு வருடத்தில் அந்தக் கடையில் ஒரு சோடிகூடக் களவு போனதில்லை. ஒரே ஒரு தடவை ஓர் இடது கால் மட்டும் காணாமல் போனது. அதற்குப் பிறகு ஊன்றுகோல் வைத்து நடக்கும் எவரையும் ஹாஜியார் உள்ளே விட்டதில்லை.

மகள் நதா விஷயத்திலும் அவர் அப்படித்தான். அவளுக்கு இருபத்துமூன்று வயது. கிழமை நாட்களில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். சனிக்கிழமைகளில் பேராதனைக்குப் போய் ஆசிரியைகளுக்கான வகுப்பொன்றில் படிக்கிறாள். ஆனால் கையில் டச் போன் கிடையாது. நிகாஹ் முடிந்த பிறகு மாப்பிள்ளை வாங்கிக் கொடுக்கட்டும், அதுவரை அந்தக் கண்ணாடிப் பலகை தன் வீட்டுக்குள் வராது என்று ஹாஜியார் சொல்லியிருந்தார்.

அதற்குப் பதிலாகப் பழைய சாமான் கடையில் இரண்டு பாட்டுப் போன்கள் வாங்கினார். ஒரே வகை, ஒரே நீல நிறம். மேலும் கீழும் பெரிய ஸ்பீக்கர், பக்கத்தில் பாட்டுக்கென்றே மூன்று பட்டன். ஒன்று மகளுக்கு, ஒன்று தனக்கு. "பாட்டுக் கேக்க ஏலும், கோல் எடுக்க ஏலும். வேற ஒண்டும் ஏலா. அதுதான் எனக்கு வேணும்" என்றார்.

அவர் தன்னுடையதில் மார்க்கப் பயானும் இஸ்லாமிய கீதங்களும் கேட்பார். சட்டைப் பையில் போன் ஓதிக்கொண்டே இருக்கும். யாராவது கதைக்க வந்தால் பைக்கு மேலாலேயே பெருவிரலால் பட்டனை அழுத்தி நிறுத்துவார். பற்றரி முழுக்க இறங்கிப் போனால் அந்தப் போனில் திகதி 2008 ஜனவரி ஒன்றுக்குத் திரும்பிவிடும். அவர் அதைத் திருத்துவதில்லை. நேரம் பார்க்கக் கையில் மணிக்கூடு இருக்கிறது, பள்ளிவாசலில் பாங்கு இருக்கிறது.

இந்தப் போன்களுக்குப் பாட்டு ஏற்றுவதென்றால் அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். புதுக் கம்ப்யூட்டர்களில் அது ஓடாது. கட்டாரில் இருக்கும் மகன் விட்டுப் போன பழைய கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது. கேபிளைக் குத்தியதும் பெட்டியொன்று திறந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும். ஹாஜியார் வாசிக்க மாட்டார். 'யெஸ்'ஸை அழுத்துவார். வாப்பாவைப் பார்த்து நதாவும் அதையே அழுத்துவாள்.

நோன்புக்கு முந்திய மாதம் நதாவுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஹுதைபா. அவனுடைய வாப்பா முஹைதீனுக்குத் திகனயில் இரும்புச் சாமான் கடை. நல்ல இடம். நதாவுக்கும் விருப்பம். கேட்டபோது தலையைக் குனியாமல் "எனக்கு விருப்பம்" என்று நேராகவே சொன்னாள். அதுவே ஹாஜியாருக்குக் கொஞ்சம் இடித்தது. முஹைதீனின் குடும்பத்தில் அவருக்கு ஒரு குறையும் தென்படவில்லை. அது அதைவிட இடித்தது. குறையில்லாத குடும்பம் உலகத்தில் கிடையாது, குறையைக் கெட்டித்தனமாக மறைக்கிற குடும்பம்தான் உண்டு என்பது அவர் கருத்து. ஆனால் வாக்கு விழுவதற்கு முன்புதான் விசாரிக்கலாம். அயலில் கேட்கலாம், பள்ளிவாசலில் கேட்கலாம், எதிரியிடம்கூடக் கேட்கலாம். வாக்குக் கொடுத்த பிறகு விசாரித்தால் அது முகத்தில் துப்புவது போல. அந்த முறையை ஹாஜியார் அறியாதவர் அல்ல.

நிகாஹ்வுக்கு மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நதா குளிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய போனை எடுத்தார். கிழமைக்கு ஒரு தடவை எடுப்பார். கோல் வந்த இலக்கங்களைப் பார்த்தார். உம்மா, பாலர் பாடசாலை, உம்மா. பிறகு பாட்டுப் பட்டனைத் தட்டினார். ஒரு கீதம். அடுத்தது ஒரு குழந்தைப் பாட்டு. அதற்கடுத்ததில் பாட்டில்லை.

ஓர் ஆணின் குரல். அடக்கி, அவசரமாக.

"இங்க வாணாம். எல்லாரும் பாக்கிறாங்க. நீங்க முன்னால நடங்க, நான் பின்னால வாறன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியப்படாது, செரியா?"

பின்னணியில் பஸ் கண்டக்டர் ஒருவன் "நுவர, நுவர, நுவர" என்று கத்தினான். பிறகு துணி உரசுகிற சத்தம் மட்டும். சர சர சர.

ஹாஜியார் நிறுத்தினார். குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மறுபடி போட்டார். மூக்கால் கதைக்கிற, ஆட்டுக் குரல். திருட்டுக் குரல். சர சர என்று வந்ததும் நிறுத்தினார். போனை இருந்த இடத்தில், இருந்த கோணத்திலேயே வைத்தார்.

மகளிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய்யை யோசிக்க நேரம் கொடுத்ததாகிவிடும். சமையலறைக்குப் போய் மனைவி றம்லத்திடம் கேட்டார்.

"சனிக்கிழமையில இவள் எத்தின மணிக்கு வாற?"

"நாலு மணிக்கி. ஏன்?"

"ஒண்டுமில்ல."

"நீங்க ஒண்டுமில்லண்டு சென்னா ஏதோ பெருசா ஈக்கி" என்றாள் றம்லத், ரொட்டியைப் புரட்டியபடி. "போன தரம் ஒண்டுமில்லண்டு சென்னீங்க, பால்காரன் இண்டைக்கும் நம்மட ரோட்டுக்கு வாற இல்ல."

நுவர என்பது கண்டிப் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடும் சத்தம். பேராதனை ஆஸ்பத்திரி முன்னாலேயும் அப்படித்தான் கத்துவார்கள். சனிக்கிழமை, பேராதனை. ஹாஜியாருக்கு ரொட்டி இறங்கவில்லை.

மறுநாள், பற்றரி மாற்ற வேண்டும் என்று சொல்லி நதாவின் போனை வாங்கிக்கொண்டு ரிஸ்மியின் கடைக்குப் போனார். போன் திருத்துகிற ரிஸ்மியின் கடை அவருடைய கடையிலிருந்து ஐந்து கடை தள்ளி. முப்பது வயதுப் பொடியன், சுத்தமான வேலை. ஆனாலும் அவன் போனைக் கழற்றும்போது ஹாஜியார் ஆணிகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

"இதுல ஒரு சத்தம் ஈக்கி. ஆர்ட சத்தம், எப்ப பதிஞ்ச, எனக்குத் தெரியணும். பென் டிரைவ்ல போட்டும் தா. வெளிய ஒரு பேச்சுப் போகப்படாது."

ரிஸ்மி கேபிளைக் குத்தினான். அவனுடைய புதுக் கம்ப்யூட்டர் போனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே கிடந்த பழையதைத் தட்டி எழுப்பினான். "இது பழைய வகைப் பதிவு ஹாஜியார். இப்பத்தைய சாமான் இதப் பாட்டுண்டு ஏத்துக்காது. மாத்தித்தான் தரணும்." காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தட்டத் தொடங்கினான்.

ஹாஜியார் அவன் முகத்தையே பார்த்தார். முதலில் சாதாரணமாக இருந்தான். பிறகு புருவம் ஏறியது. பிறகு ஹாஜியாரை ஒரு தரம் பார்த்தான். சட்டென்று கண்ணை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகும் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

ரிஸ்மி ஹெட்போனைக் கழற்றினான். "இது... இந்தப் போன்ல பதிஞ்சதில்ல ஹாஜியார். வேற ஒரு போன்ல பதிஞ்ச. கம்ப்யூட்டர் வழியா இதுக்குள்ள வந்தீக்கி. ஒங்கட வீட்டுக் கம்ப்யூட்டர்ல எந்தப் போனக் குத்தினாலும் அதுல ஈக்கிற சத்தமெல்லாத்தையும் எடுத்து வச்சிக்கும். அடுத்த போனக் குத்தினா அதுக்குள்ள ஏத்திப் போடும்."

"திகதி?"

"2008 ஜனவரி ஒண்டு."

"அப்ப இவளுக்கு அஞ்சாறு வயசுடா!"

"திகதி பிழை. பதிஞ்ச போன்ல திகதி பிழையா ஈக்கி. பக்கத்துப் பட்டன அழுத்திப் புடிச்சா இந்த வகைப் போன்ல தன்னாலேயே பதியும். சில ஆக்கள் தெரியாம..." அவன் ஹெட்போன் வயரை விரலில் சுற்றினான். "ஹாஜியார், இதுல பதினொரு நிமிசம் ஈக்கி. முழுசாக் கேளுங்க. குரல் கொஞ்சம் பழக்கமான குரல் மாதிரி..."

"பழக்கமா? ஒனக்கும் தெரியுமா அவன?"

ரிஸ்மியின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மூடிக்கொண்டது. "எனக்கொண்டும் தெரியா" என்றான். "முழுசாக் கேளுங்க. அவ்வளவுதான் செல்லுவன்."

பதினொரு நிமிடம் சர சரவென்று கேட்டு என்ன ஆகப் போகிறது? ஒருவன் தன் மகளுக்குப் பின்னால் நடந்து போகிற சத்தத்தை ஒரு வாப்பா உட்கார்ந்து கேட்க வேண்டுமா? ஹாஜியார் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இவனும் அவர்களுக்கு உடந்தை. முகமே சொல்கிறது.

அன்று பின்னேரம் கடையில் ஒரு மனுஷி இடது காலை மாட்டிக்கொண்டு வலது காலுக்காகக் காத்திருந்தாள். ஹாஜியார் கையில் சாவியோடு அசையாமல் நின்றார். கம்ப்யூட்டர் வழியாக வந்தது. அப்படியென்றால் அந்த நாயின் போன் தன் வீட்டுக்குள் வந்திருக்கிறது. மகனின் அறையில், மகனின் மேசையில், கேபிளில் குத்தியிருக்கிறது. வீட்டுக்குள் வந்த அந்நிய ஆண் யார்? ஒருவன்தான். வாக்குக்குப் பிறகு இரண்டு தடவை உம்மாவோடு வந்த ஹுதைபா. இரண்டாவது தடவை, "கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா ஓடுது போல, நான் பாக்கவா மாமா?" என்று கேட்டுக்கொண்டு அந்த அறைக்குள் போனான். பத்து நிமிடம் இருந்தான்.

"ஹாஜியார், மத்தக் கால்" என்றாள் அந்த மனுஷி.

"இரிங்க, இரிங்க" என்றார் ஹாஜியார். பல மாதங்களுக்குப் பிறகு அவருக்கு மனசு லேசாக இருந்தது. குறை கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முஹைதீன், அவருடைய மனைவி பாயிஸா, ஹுதைபா மூவரும் வந்தார்கள். நிகாஹ் அலுவலாகக் கதைக்க வேண்டும் என்றுதான் ஹாஜியார் அழைத்திருந்தார். றம்லத் ரோல்ஸும் வட்டிலப்பமும் வைத்தாள். ஹோலில் கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. நடுமேசையில் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து வைத்திருந்தார் ஹாஜியார். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்.

"என்ன ஹாஜியார், படம் கிடம் காட்டப் போறீங்களா?" என்று முஹைதீன் சிரித்தார். தாடிக்குள் வட்டிலப்பம் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"படமில்ல. சத்தம். நதா, நீயும் வா. வந்து இதுல இரி."

நதா வந்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். வாப்பாவின் கையிலிருந்த பென் டிரைவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. ஹாஜியார் அதைக் கவனித்தார். சரிதான் என்று நினைத்தார்.

"முஹைதீன் நானா, நான் ஒங்கள மதிக்கிறன். ஆனா நிகாஹ்வுக்கு முன்னால ஒரு குமர்ப் புள்ளைய வெளிய சந்திச்சி, வீட்டுக்குத் தெரியாமக் கூட்டிக்கிட்டுத் திரியிற மாப்பிளைக்கு என்ன பேர் செல்லுற? நீங்களே கேட்டுச் செல்லுங்க."

"ஆர்? இவனா?" பாயிஸா மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாப்பா" என்றாள் நதா. "அத முழுசாக் கேட்டீங்களா?"

"வாய மூடு."

"முழுசாக் கேட்டீங்களாண்டு கேக்கிறன்."

ஹாஜியார் அழுத்தினார். ரிஸ்மி மாற்றிக் கொடுத்த பதிவு வெகு தெளிவாக இருந்தது. "இங்க வாணாம். எல்லாரும் பாக்கிறாங்க. நீங்க முன்னால நடங்க, நான் பின்னால வாறன்." ஹோல் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. "வீட்டுல ஒருத்தருக்கும் தெரியப்படாது, செரியா?"

றம்லத்தின் கையிலிருந்த தட்டு ஒரு பக்கம் சரிந்தது. "இந்தாங்க" என்றாள் புருஷனிடம். "இது..."

"நீயும் வாய மூடு. மகளுக்குப் பரிஞ்சி கதைக்க வந்துட்டா."

ஹுதைபா எழும்பினான். "மாமா, அது நானில்ல."

"களவெடுக்கிறவன் நான்தாண்டு செல்லுவானா?"

"என்ட சத்தம் இப்பிடியா ஈக்கி? உம்மா, நீங்க செல்லுங்க."

"அவன்ட சத்தமில்ல இது" என்றாள் பாயிஸா. "என்ட புள்ளைட சத்தம் எனக்குத் தெரியாதா? இது வயசாளி ஒருத்தன்ட சத்தம்."

"வயசாளியா?" ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஆட்டுக் குரல் வயசாளியா? அண்டைக்கு என்ட கம்ப்யூட்டர்ல போன் குத்தினது நீயா இல்லையா? அத மட்டும் செல்லு!"

"நான் டச் போன்தான் வச்சிரிக்கன். அது ஒங்கட கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கவே இல்ல. குத்திப் பாத்துட்டு உட்டுட்டன்."

"பொய்!"

ஒருவரும் நிறுத்தாததால் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சர சர சர. ஹோர்ன் சத்தம். யாரோ செருமுகிற சத்தம். முஹைதீன் மட்டும் தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தினார். "கொஞ்சம் சும்மா இரிங்க எல்லாரும்."

கதிரை இழுபடுகிற சத்தம். அந்த ஆட்டுக் குரல் சொன்னது: "ரெண்டு பால் தேத்தண்ணி. சீனி அளவா."

அதற்குப் பிறகு இன்னொரு குரல், இளம் குரல்: "சொல்லுங்க ஹாஷிம் ஹாஜியார். என்னா இவ்வளவு ரகசியம்? அம்மாவ கிளினிக்ல விட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் போகணுங்க."

முஹைதீன் அந்தக் குரலை உடனே அறிந்துகொண்டார். அவருடைய கடையில் எட்டு வருடமாக வேலை செய்கிற சதீஸ்.

ஹாஜியார் கம்ப்யூட்டரை நோக்கிக் கை நீட்டினார். முஹைதீன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"போன கெழமதான் ஒங்கட மொதலாளிக்கு வாக்குக் குடுத்த" என்றது ஆட்டுக் குரல். "இப்ப எனக்கு உண்மையச் செல்லுங்க சதீஸ். பொடியனுக்கு வலிப்பு கிலிப்பு ஈக்கா? முந்தி எங்கயாவது பேசி ஒடஞ்சதா? அந்தப் பொம்புள பாயிஸாட தம்பி ஒருத்தன் பித்துப் புடிச்சிப் போனதாமே?"

"ஐயோ, அவரு ஆக்சிடன்ட்ல செத்தவருங்க. பித்தெல்லாம் இல்ல."

"குடியா?"

"இல்லீங்க. நல்ல மனுசங்க. நம்ம வீட்டு விசேசத்துக்கெல்லாம் வருவாங்க."

"ஒண்டுமே இல்லையா? நல்லா யோசிங்க. ஏதாவது ஒண்டு ஈக்கத்தான் வேணும்."

"சத்தியமா ஒன்னும் இல்லீங்க ஹாஜியார்."

"அப்ப நீங்களும் மறைக்கிறீங்க" என்றது குரல்.

தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பாயிஸா முக்காட்டு நுனியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். செத்துப் போன தம்பியைப் பற்றி இப்படியொரு பேச்சை அவள் இதுவரை கேட்டதில்லை. கடைசியில் பதிவு தானாக முடிந்தது. முஹைதீன் கையை விட்டார்.

"அது நானில்ல" என்றார் ஹாஜியார்.

ஹுதைபா கதிரையில் திரும்ப உட்கார்ந்தான்.

"சத்தத்தப் பாருங்க. என்ட சத்தமா அது? றம்லத், நீ செல்லு."

"மொத சொல்லுலயே தெரிஞ்சிச்சி எனக்கு" என்றாள் றம்லத். "செல்ல வந்தன். வாய மூடண்டு சென்னீங்க."

முஹைதீன் நதாவின் பக்கம் திரும்பினார். "நீங்க இத எப்ப கேட்டீங்க மகள்?"

"பெருநாளுக்கு முந்தி."

"எங்களுக்குச் செல்லல்ல."

"வாப்பாட மானம் மாமா. என்னண்டு செல்லுற?" நதா அழவில்லை. "ரெண்டு தரம் அழிச்சன். கம்ப்யூட்டர்ல குத்தினா திரும்ப வருது. குத்தாம இருந்தா ஏன் குத்திற இல்லண்டு வாப்பா சந்தேகப்படுவார். அதுதான் குத்தினன்."

ஹோலில் யாரோ சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஹுதைபா. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

முஹைதீன் எழும்பித் தொப்பியைச் சரி செய்தார். "ஹாஜியார், வாக்குக்கு முன்னால நீங்க என்ட வீட்டுக் கூரையக் கழட்டிப் பாத்திருந்தாலும் நான் ஒண்டும் செல்ல மாட்டன். நானும் ஒங்களப் பத்திக் கேட்டன். நல்ல மனுசன், ஒத்தக் கால் செருப்புத்தான் வெளிய வைப்பார் எண்டாங்க. சிரிச்சிட்டு வாக்குக் குடுத்தன்." நிறுத்தினார். "வாக்குக்குப் பொறகு, என்ட சோறு திங்கிறவன்கிட்டப் போய்க் கேட்டீக்கிறீங்க. செத்தவனையும் உட்டு வைக்கல்ல."

"உட்டுட்டுப் போவம் வாங்க" என்றாள் பாயிஸா. "இந்த எடம் நமக்கு வாணாம்."

நதா கதிரையின் கையைப் பிடித்தாள். ஹுதைபா அதைப் பார்த்தான்.

"உம்மா" என்றான். "இவரக் கட்டப் போறது நானில்லயே. நான் கட்டப் போறது இவர்ட மகள."

பாயிஸா மகனையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஹாஜியாரிடம் திரும்பினாள். குரல் நடுங்கியது, சொல் நடுங்கவில்லை.

"நிகாஹ் சொன்ன நாள்ல நடக்கும். ஒங்கட ஊட்டுல இல்ல, எங்கட பள்ளியில. பிள்ளைய ஒப்புக் குடுக்க வாப்பா வேணும், அதுக்கு வாங்க. அண்டைக்கு ஒங்கட வாயால அந்த ரெண்டு சொல்லுத்தான் எங்களுக்கு வேணும். அதுக்குப் பொறகு என்ட ஊட்டுல ஒங்கட சத்தம் கேக்கப்படாது."

முஹைதீன் தலையை ஆட்டினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சதீஸ் நாளைக்கும் கடைக்கு வருவான்" என்றார். "அவன் ஒரு பிழையும் செல்லல்ல." வான் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. பிறகு பாதை இறக்கத்தில் தேய்ந்தது.

றம்லத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். நதா தன் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவள் இதுவரை தாழ்ப்பாள் போட்டதில்லை. இன்றைக்கு ஏன் போடுகிறாள் என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் ஹோலில் தனியாக உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் ஸ்பீக்கரின் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, பதிவை முதலிலிருந்து போட்டார். "இங்க வாணாம். எல்லாரும் பாக்கிறாங்க." சரி, பேராதனைக்குப் போனது உண்மை. சதீஸைக் கண்டதும் உண்மை. தேத்தண்ணியும் குடித்தார்தான். ஆனால் இந்தக் குரல்? மூக்கால், திருட்டுத்தனமாக, ஆடு மாதிரி. ஐம்பத்தெட்டு வருடமாகத் தன் வாயிலிருந்து வருகிற சத்தம் தனக்குத் தெரியாதா? அது கனமான குரல். மரியாதையான குரல். பள்ளிவாசலில் பேசினால் கடைசி வரிசைக்குக் கேட்கும்.

மறுபடி போட்டார். மறுபடியும் யாரோ ஒருவன்தான் பேசினான்.

மாத்தித் தாறன் என்று சொன்னானே ரிஸ்மி. எதை மாற்றினான்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவ்வளவு நேரம் என்ன தட்டினான்?

ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலரை. சட்டைப் பையில் நீலப் போன் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. பெருவிரலால் பையின் மேலாலேயே பட்டனை அழுத்தினார், சத்தம் நிற்கும் வரைக்கும் அழுத்திப் பிடித்தார். பென் டிரைவைக் கழற்றி எடுத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் நடந்தார். ரிஸ்மியின் கடை ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்.